கிராலர் தவறான வரிசையில் பக்கங்களை எடுக்கிறதா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

இணையப் பக்கங்களைச் சேகரிக்கும் கிராலர் ஒன்றைச் சொந்தமாக இயக்குபவர்களுக்காக, குறிப்பாகத் தமிழ்ப் பக்கங்களைத் திரட்டித் தேடுபொறியோ உரைத்தொகுப்போ உருவாக்க முனைபவர்களுக்காக, இந்த வழிமுறை எழுதப்பட்டுள்ளது. எந்தக் கிராலரும் தான் எடுத்து முடிக்கும் வேகத்தைவிடப் பன்மடங்கு வேகத்தில் புதிய முகவரிகளைக் கண்டுபிடித்துக்கொண்டே போகும். ஆகவே காத்திருப்பு வரிசை ஒருநாளும் காலியாகாது. எதை முதலில் எடுக்கிறோம் என்பதே, இறுதியில் நம் கையில் எது மிஞ்சும் என்பதைத் தீர்மானிக்கிறது.

வரிசை பிசகுவதைக் கண்டதும் பலரும் முதலில், எந்த முகவரி முன்னால் நிற்க வேண்டும் என்று கணிக்கும் மதிப்பெண் சூத்திரத்தைத் திருத்தத் தொடங்குகிறார்கள். என் கருத்தில் அது கடைசியாகத் தொட வேண்டிய இடம். ஒரு முகவரி கண்டெடுக்கப்பட்ட பிறகு அது சீராக்கப்படுகிறது (ஒப்பிடத்தக்க ஒரே வடிவத்துக்கு மாற்றப்படுகிறது), முன்பே பார்த்ததா என்று சரிபார்க்கப்படுகிறது, மதிப்பெண் பெறுகிறது, அந்தந்தத் தளத்துக்குரிய வரிசையில் நிற்கிறது, அந்தத் தளத்தின் சர்வருக்கு நாம் தரும் ஓய்வு நேரம் முடியும்வரை காத்திருக்கிறது. இத்தனை படிகளில் மதிப்பெண் ஒன்றே ஒன்றுதான். மற்ற படிகளில் ஒன்று பழுதானாலும், மதிப்பெண் எவ்வளவு சரியாக இருந்தாலும் பயனில்லை.

எனவே எதையும் மாற்றுவதற்கு முன், கிராலரின் செயல்களைப் பதியும் லாக் கோப்பில் ஒவ்வொரு முகவரிக்கும் மூன்று நேரங்களைப் பதியச் செய்யுங்கள்: முகவரி முதன்முதலில் கண்ணில் பட்ட நேரம், வரிசையில் சேர்ந்த நேரம், உண்மையில் எடுக்கப்பட்ட நேரம். சேரும்போது பெற்ற மதிப்பெண்ணையும், எந்தப் பக்கத்திலிருந்து அந்த இணைப்பு வந்தது என்பதையும் உடன் எழுதிவையுங்கள். முகவரி கண்ணில் பட்டும் வரிசையில் சேரவே இல்லை என்றால் சீராக்கத்திலோ வடிகட்டியிலோ பிழை. சேர்ந்த பிறகு நெடுநேரம் நின்றது என்றால் வரிசையிலோ ஓய்வு நேரக் கணக்கிலோ பிழை. இந்த ஒரு பிரிப்பே தேடும் பரப்பைப் பாதியாகக் குறைத்துவிடும்.

அறிகுறி: கிராலர் ஒரே தளத்துக்குள் மூழ்கி வெளியே வராமல் இருக்கிறது

முதலில் வரிசையின் வகையைப் பாருங்கள். ஸ்கிரேப்பி போன்ற புகழ்பெற்ற கருவியிலேயே, மாற்றாமல் விட்டால், கடைசியாக வந்த முகவரியே முதலில் எடுக்கப்படும். அதாவது கிராலர் அகலமாகப் பரவாமல் ஆழமாக இறங்கிக்கொண்டே போகும். சில ஆயிரம் பக்கங்கள் உள்ள ஒரே தளத்தை முழுமையாக எடுக்க இது போதும், நினைவகமும் மிச்சமாகும். பல தளங்களில் பரவ வேண்டுமென்றால் இது பொருந்தாது. ஆழம் கூடக் கூட முன்னுரிமை குறையும்படி DEPTH_PRIORITY என்ற அமைப்பின் மதிப்பை 1 ஆக்கி, நினைவகத்தில் உள்ள வரிசை, வட்டில் உள்ள வரிசை இரண்டையும் முதலில் வந்தது முதலில் செல்லும் வகைக்கு மாற்றுங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, ஏன் பலன் இல்லை என்று குழம்புவோர் பலர்.

அகலவாக்கில் செல்வது எளிய முறை என்பதற்காக அதைத் தாழ்வாக எண்ண வேண்டாம். மார்க் நாயார்க், ஜேனட் வீனர் இருவரும் 2001-இல் 32.8 கோடிப் பக்கங்களை அகலவாக்கில் எடுத்துப் பார்த்தபோது, பேஜ்ரேங்க் மதிப்பு (வரும் இணைப்புகளை வைத்துக் கணக்கிடும் முக்கியத்துவ அளவு) உயர்ந்த பக்கங்கள் தொடக்கத்திலேயே வந்துவிடுவதைக் கண்டார்கள். முக்கியமான பக்கத்துக்குப் பல இடங்களிலிருந்து இணைப்புகள் இருக்கும். எங்கிருந்து தொடங்கினாலும் அவற்றில் ஏதேனும் ஒன்று விரைவில் அகப்பட்டுவிடும் என்பதே காரணம். கிராலர் தொடங்கும் விதை முகவரிகளைக் கவனமாகத் தேர்ந்திருந்தால், வேறு சூத்திரம் எதுவும் இல்லாமலேயே நல்ல பலன் கிடைக்கும்.

வரிசையின் வகை சரியாக இருந்தும் ஒரே தளத்தில் சிக்கியிருந்தால், அடுத்துச் சந்தேகிக்க வேண்டியது பொறி, அதாவது முடிவில்லாமல் புதிய முகவரிகளைத் தந்துகொண்டே இருக்கும் பக்கம். நாட்காட்டிப் பக்கத்தில் உள்ள 'அடுத்த மாதம்' இணைப்பு 2090-ஆம் ஆண்டையும் தாண்டி அழைத்துச் செல்லும். விற்பனைத் தளத்தில் நிறம், விலை, அளவு என்ற வடிகட்டிகள் ஒன்றோடொன்று பெருகி லட்சக்கணக்கான முகவரிகளாகும். சில சர்வர்கள் ஒவ்வொரு வருகைக்கும் புதிய அமர்வு எண்ணை முகவரியில் ஒட்டும். லாக் கோப்பில் அந்தத் தளத்தின் முகவரிகளைக் கேள்விக்குறி வரை வெட்டி எண்ணிப் பாருங்கள். வெட்டிய பின் ஒரே முகவரி ஆயிரக்கணக்கில் வந்தால் பொறி அதுதான். ஒவ்வொரு பொறிக்கும் தனி விதி எழுதிக்கொண்டிருப்பது முடிவற்ற வேலை. ஒரு தளத்துக்கு இத்தனை பக்கங்கள் மட்டுமே என்று ஒதுக்கீடு வைத்து, அந்தத் தளத்திலிருந்து புதிய உரை கிடைக்கும் விகிதத்தைப் பொறுத்து ஒதுக்கீட்டைக் கூட்டியோ குறைத்தோ செல்வது நீடித்த தீர்வு.

அறிகுறி: மதிப்பெண் உயர்ந்த பக்கம் நாட்கணக்கில் காத்துக் கிடக்கிறது, தாழ்ந்தவை முந்திச் செல்கின்றன

பெரும்பாலும் இது பிழையே அல்ல. ஒரே சர்வரை அடுத்தடுத்துத் தட்டக்கூடாது என்ற நாகரிகமே இதற்குக் காரணம். 1999-இல் வெளிவந்த மெர்க்கேட்டர் கிராலரின் வடிவமைப்பு இன்றளவும் பலரால் பின்பற்றப்படுகிறது. அதில் வரிசை இரண்டு அடுக்குகளாக இருக்கும். முன்னடுக்கில் முகவரிகள் மதிப்பெண் வாரியாகப் பிரியும். பின்னடுக்கில் தளம் வாரியாகப் பிரியும். அடுத்து எந்தத் தளத்தைத் தொடலாம் என்பதை ஒவ்வொரு தளத்தின் ஓய்வு முடியும் நேரத்தை வரிசைப்படுத்தி வைத்திருக்கும் ஒரு நேரக் குவியல் சொல்லும். கடைசிப் பக்கத்தை இறக்க எவ்வளவு நேரம் ஆனதோ, அதைப் போல் பத்து மடங்கு நேரம் அந்தத் தளத்துக்கு ஓய்வு தருவது அதன் வழக்கம்.

கணக்கிட்டுப் பாருங்கள். 0.2 நொடியில் பதில் தரும் சர்வருக்கு 2 நொடி ஓய்வு. இறக்கும் நேரத்தையும் சேர்த்தால் நாளொன்றுக்கு அதிலிருந்து ஏறக்குறைய 39,000 பக்கங்கள் எடுக்கலாம். 3 நொடி எடுத்துக்கொள்ளும் மெதுவான சர்வருக்கு 30 நொடி ஓய்வு. நாளொன்றுக்கு ஏறக்குறைய 2,600 பக்கங்களுக்கு மேல் வராது. இந்த மெதுவான தளத்தில் உயர்ந்த மதிப்பெண் பெற்ற ஒரு லட்சம் பக்கங்கள் இருந்தால், அவை முடிய ஒரு மாதத்துக்கு மேலாகும். சூத்திரத்தை எவ்வளவு திருத்தினாலும் இந்த எண் மாறாது. செய்யக்கூடியது, பெரிய தளங்களை முன்னதாகவே தொடங்கிவிடுவது. சிலி, கிரேக்க நாடுகளின் இணையப் பக்கங்களை வைத்து ரிக்கார்டோ பேசா-யேட்ஸ் குழுவினர் 2005-இல் செய்த ஒப்பீட்டில், காத்திருக்கும் பக்கங்கள் மிகுந்த தளத்துக்கு முதலிடம் தரும் முறை அகலவாக்கு முறையைவிட நன்றாகச் செயல்பட்டது. பெரிய தளத்தைக் கடைசியில் விட்டால், மற்றவை எல்லாம் முடிந்த பின் அந்த ஒரு தளத்தின் ஓய்வு நேரத்துக்காகக் கிராலர் முழுவதும் சும்மா நிற்கும்.

தமிழ்ப் பக்கங்களைத் திரட்டுபவர்கள் இங்கே இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ் வலைப்பூக்களில் பெரும்பகுதி பிளாக்ஸ்பாட், வேர்ட்பிரஸ் போன்ற ஒரு சில சேவைகளில் உள்ளது. உங்கள் கிராலர் 'தளம்' என்பதை டொமைன் பெயரின் கடைசிப் பகுதியை (blogspot.com போன்றதை) வைத்து முடிவு செய்தால், ஆயிரக்கணக்கான தனித்தனி வலைப்பூக்களும் ஒரே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். வலைப்பூவின் பெயரையும் சேர்த்த முழு ஹோஸ்ட் பெயரை வைத்து முடிவு செய்தால், ஒரே சேவையின் சர்வர்களை ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான கோரிக்கைகளால் மொய்த்துவிடுவீர்கள். அதன்பின் 'கோரிக்கைகள் மிக அதிகம்' என்று பொருள்படும் 429 என்ற பதில்தான் வரும். ஹோஸ்ட் பெயருக்கு ஒரு வரிசையும், அதற்கு மேல் ஐபி முகவரிக்கோ சேவைக்கோ ஒரே நேரத்தில் இத்தனை கோரிக்கைகள் மட்டுமே என்ற உச்சவரம்பும் ஆக, இரண்டும் வேண்டும்.

ஓய்வு நேரம் காரணமல்ல என்று லாக் காட்டினால், மதிப்பெண் எப்போது கணக்கிடப்படுகிறது என்று பாருங்கள். முதன்முதலில் ஓர் இணைப்பின் வழியாகக் கண்ணில் பட்டபோது பெற்ற தாழ்ந்த மதிப்பெண்ணோடு வரிசையில் உறைந்துபோன பக்கத்துக்கு, பின்னர் ஐம்பது இணைப்புகள் சேர்ந்தாலும் இடம் மாறாது. ஏற்கெனவே வரிசையில் இருக்கும் முகவரி மீண்டும் கண்ணில் படும்போது 'பார்த்தாயிற்று' என்று தள்ளிவிடாமல், மதிப்பெண்ணைக் கூட்டி இடத்தை மாற்றும் வழி நிரலில் இருக்க வேண்டும். 2003-இல் அபிட்டெபூல், பிரேடா, கோபெனா ஆகியோர் முன்வைத்த ஓபிக் முறை இதை அழகாகச் செய்கிறது: ஒவ்வொரு பக்கத்தின் கையிலும் ஒரு தொகை இருக்கும், பக்கத்தை எடுத்ததும் அந்தத் தொகை அது சுட்டும் பக்கங்களுக்குப் பங்கிடப்படும், யாரிடம் தொகை மிகுதியாகச் சேர்ந்திருக்கிறதோ அவரே அடுத்தவர். பங்கிட்ட பின் தன் கையிருப்பைப் பூச்சியமாக்க மறந்தால், ஒவ்வொரு மறுவருகையிலும் மதிப்பெண்கள் ஊதிப் பெருகி, பழைய பக்கங்களே என்றும் முன்னால் நிற்கும்.

அறிகுறி: ஒரே பக்கம் பல முகவரிகளில் மீண்டும் மீண்டும் எடுக்கப்படுகிறது

ஒரே உள்ளடக்கத்துக்குச் செலவாகும் ஒவ்வொரு கூடுதல் கோரிக்கையும் வேறொரு பக்கத்தின் முறையைப் பறிக்கிறது. ஆங்கில வழிகாட்டிகள் சொல்லும் வழக்கமான காரணங்களை நீங்கள் அறிந்திருப்பீர்கள்: இறுதிச் சாய்கோடு, பெரிய எழுத்து, சிறிய எழுத்து, விளம்பரத் தடம் பற்றும் பின்னொட்டுகள். பிளாக்ஸ்பாட் பக்கங்களில் கைபேசிக்கான பின்னொட்டு ஒன்று சேர்ந்து ஒவ்வொரு பதிவையும் இரண்டாக்கும். மாத ஆவணப் பக்கங்களும் குறிச்சொல் பக்கங்களும் அதே பதிவுகளைத் திரும்பத் தரும்.

தமிழ் முகவரிகளுக்கே உரிய சிக்கல் ஒன்று இதைவிட ஆழமானது. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு வகையாக எழுதலாம். ககரத்தோடு ஒகர உயிர்மெய்க் குறி என்ற ஒரே குறியீட்டைச் சேர்ப்பது ஒரு வகை. ககரத்தோடு ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்ப்பது மற்றொரு வகை. திரையில் இரண்டும் ஒன்றே. பைட்டுகளாகப் பார்த்தால் வேறு வேறு. 'கோ', 'கௌ' வரிசைகளுக்கும் இது பொருந்தும். ஆகவே 'கொள்கை' என்ற தலைப்புள்ள ஒரே பக்கத்துக்கு உங்கள் தரவுத்தளத்தில் இரண்டு முகவரிகள் இருக்கக்கூடும். அவற்றுக்கு வரும் இணைப்புகளும் இரண்டாகப் பிரிந்து, எதற்குமே உரிய மதிப்பெண் கிடைக்காமல் போகும். ஒப்பிடுவதற்கு முன் முகவரியை விழுக்காட்டுக் குறியாக்கத்திலிருந்து (ஒவ்வொரு பைட்டையும் %E0 போல எழுதும் முறை) பிரித்து, இத்தகைய எழுத்துகளை ஒரே குறியீடாகச் சேர்க்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றி, மீண்டும் குறியாக்கம் செய்து, அதில் வரும் A முதல் F வரையுள்ள பதினாறடிமான எழுத்துகளைப் பெரியதாகவோ சிறியதாகவோ ஒரே வகையாக ஆக்கிக்கொள்ளுங்கள். ஒப்பீட்டுக்கு மட்டும் இந்த வடிவம். சர்வரிடம் கேட்கும்போது அது முதலில் தந்த முகவரியையே அனுப்புங்கள், ஏனெனில் சில சர்வர்கள் பைட்டுக்குப் பைட் பொருந்தினால்தான் பக்கத்தைத் தரும்.

இதே இடத்தில் இன்னொரு அநீதியும் நிகழ்கிறது. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகள். ஒவ்வொரு பைட்டும் முகவரியில் மூன்று இடங்களைப் பிடிக்கும். 'தமிழ்' என்ற சொல்லில் ஐந்து குறியீடுகள், ஆகவே முகவரியில் 45 இடங்கள். முப்பது குறியீடுகள் கொண்ட எளிய தலைப்பே 270 இடங்களை நிரப்பிவிடும். நீளமான முகவரி பொறியாக இருக்கும் என்று கருதி 255 இடங்களுக்கு மேற்பட்டவற்றைத் தள்ளுவதும் மதிப்பெண்ணைக் குறைப்பதும் பல கிராலர்களில் உள்ள விதி. அந்த விதி தமிழ் விக்கிப்பீடியாவின் நல்ல கட்டுரைகளைத் தண்டித்துவிடும். குறியாக்கத்தைப் பிரித்த பின் நீளத்தை அளப்பதே நியாயம்.

அறிகுறி: சில பக்கங்கள் கண்ணில் பட்டும் ஒருபோதும் எடுக்கப்படவில்லை

பார்த்த முகவரிகளை நினைவில் வைக்கப் புளூம் வடிகட்டியை (சிறிது தவறும் வாய்ப்பை ஏற்று, குறைந்த நினைவகத்தில் 'பார்த்ததா' என்று சொல்லும் அமைப்பு) பயன்படுத்துகிறீர்கள் என்றால், அது எத்தனை முகவரிகளுக்காக அமைக்கப்பட்டது, இப்போது எத்தனை உள்ளே இருக்கின்றன என்று பாருங்கள். முகவரிக்கு 9.6 பிட்டுகளும் ஏழு ஹேஷ் சார்புகளும் (உரையை ஒரு குறுகிய எண்ணாகச் சுருக்கும் கணக்குகள்) ஒதுக்கினால், நூற்றில் ஒன்று மட்டுமே தவறாக 'பார்த்தது' என்று சொல்லப்படும். அதே வடிகட்டியில் திட்டமிட்டதைப் போல் இரு மடங்கு முகவரிகளைத் திணித்தால் தவறு நூற்றுக்கு ஏறக்குறைய 16 ஆக உயரும். எந்தப் பிழைச் செய்தியும் வராமல், ஆறில் ஒரு புதிய பக்கம் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும். மற்ற பிழைகள் சத்தம் போடும், இது போடாது. அதனால்தான் கண்ணில் பட்ட நேரத்தைத் தனியே பதியச் சொன்னேன்.

ஒரு தளம் முழுவதுமே வரவில்லை என்றால் எதை எடுக்கலாம், எதை எடுக்கக்கூடாது என்று தளம் அறிவிக்கும் ரோபாட்ஸ் கோப்பைக் கேட்டபோது சர்வர் என்ன பதில் தந்தது என்று பாருங்கள். 2022-இல் வெளியான ஆர்எஃப்சி 9309 என்ற தர வரையறையின்படி, கோப்பு இல்லை என்று 404 வந்தால் தளத்தை எடுக்கலாம். சர்வர் கோளாறு என்று 500 வரிசை எண் வந்தால் முழுத் தளமும் தடை செய்யப்பட்டதாகவே கொள்ள வேண்டும். சர்வர் ஒரு நிமிடம் தடுமாறியதற்கு அந்தத் தளத்தையே வாரக்கணக்கில் ஒதுக்கிவைக்கும் கிராலர்கள் உண்டு. தடையை மதியுங்கள், ஆனால் அந்தக் கோப்பைச் சில மணி நேரத்தில் மீண்டும் கேளுங்கள். நல்ல பதில் வந்திருந்தாலும் அதை 24 மணி நேரத்துக்கு மேல் சேமித்துப் பயன்படுத்தக்கூடாது என்பதே அந்த வரையறையின் பொது விதி.

இரண்டும் இல்லையென்றால் அது பட்டினி. எப்போதும் உச்ச மதிப்பெண்ணையே எடுக்கும் வரிசையில், புதிய உயர்ந்த முகவரிகள் வந்துகொண்டே இருந்தால், தாழ்ந்தவற்றுக்கு முறையே வராது. காத்திருக்கும் நேரத்துக்கு ஏற்ப மதிப்பெண்ணைச் சிறிது சிறிதாக உயர்த்துங்கள், அல்லது பத்தில் ஒரு கோரிக்கையை மதிப்பெண் பாராமல் மிகப் பழைய முகவரிக்கு ஒதுக்குங்கள். இரண்டாவது வழி எளியது, எனக்குப் பிடித்ததும் அதுவே.

அறிகுறி: பழைய பக்கங்களையே சுற்றிச் சுற்றி வருகிறது, புதியவை பின்தங்குகின்றன

அடிக்கடி மாறும் பக்கத்தை அடிக்கடி பார்க்க வேண்டும் என்ற எண்ணம் இயல்பானது, ஆனால் ஓர் எல்லைக்கு மேல் தவறானது. ஜங்கூ சோ, ஹெக்டர் கார்சியா-மொலினா இருவரும் இதை ஓர் எளிய கணக்கால் காட்டினார்கள். நாளொன்றுக்கு ஒன்பது முறை மாறும் பக்கம் ஒன்று, ஒரே முறை மாறும் பக்கம் ஒன்று. நம்மால் நாளுக்கு ஒரே ஒரு முறைதான் வர முடியும். மெதுவாக மாறுவதை நடுப்பகலில் பார்த்தால், அதற்குள் மாறியிருக்கும் வாய்ப்பு பாதி. மாறியிருந்தால் மீதி அரை நாளும் நம் நகல் புதிதாக இருக்கும். ஆகச் சராசரியாக 6 மணி நேரப் பலன். வேகமாக மாறுவதைப் பார்த்தால் இதே கணக்கில் கிடைப்பது 40 நிமிடம். நகல்கள் மொத்தத்தில் புதியவையாக இருக்க வேண்டும் என்பதே குறிக்கோள் என்றால், நம் வேகத்துக்கு எட்டாத பக்கத்தைத் துரத்துவதில் பொருளில்லை. செய்தித்தளத்தின் முகப்புப் பக்கம் மட்டும் விதிவிலக்கு. அதை அதன் உரைக்காகப் பார்ப்பதில்லை, அதில் தோன்றும் புதிய இணைப்புகளுக்காகவே பார்க்கிறோம். எனவே அத்தகைய பக்கங்களுக்குத் தனி அட்டவணை வையுங்கள்.

மாற்றத்தின் வேகத்தை மதிப்பிடுவதிலும் ஒரு சறுக்கல் உண்டு. பத்து வருகைகளில் ஆறு முறை மாறியிருந்தால் வருகைக்கு 0.6 மாற்றம் என்று எழுதுவது குறைமதிப்பீடு, ஏனெனில் இரண்டு வருகைகளுக்கு இடையே ஒரு பக்கம் பல முறை மாறியிருக்கலாம். மாறாத முறைகளோடு அரையைக் கூட்டி, மொத்த வருகைகளோடும் அரையைக் கூட்டி வகுத்து, இயல் மடக்கை எடுத்துக் குறியை மாற்றினால் 0.85 வரும். அதுவே நம்பத்தகுந்தது.

அதற்கும் முன்னால், 'மாறியது' என்று உங்கள் கிராலர் எதைச் சொல்கிறது என்று பாருங்கள். பக்கவாட்டில் 'இன்றைய குறள்', பஞ்சாங்கம், வருகையாளர் எண்ணிக்கை என்று ஏதேனும் ஒன்றை வைத்திருக்கும் வலைப்பூவின் ஒவ்வொரு பதிவும், 2009-இல் எழுதி முடித்ததாகவே இருந்தாலும், நாள்தோறும் மாறியதாகத் தெரியும். முழுப் பக்கத்துக்கும் ஹேஷ் எடுக்காமல் பதிவின் உரைக்கு மட்டும் எடுங்கள். தளம் தன் பக்கங்களைப் பட்டியலிடும் சைட்மேப்பில் உள்ள கடைசியாக மாறிய தேதியை, அது உண்மை சொல்கிறது என்று சில முறை சரிபார்த்த பின்பே நம்புங்கள். அதிலுள்ள முன்னுரிமை எண்ணையும் மாறும் வேகக் குறிப்பையும் கூகுளே பொருட்படுத்துவதில்லை; நாமும் விட்டுவிடலாம்.

அறிகுறி: தமிழ்த் தளங்களைத் தேடச் சொன்னால் சீக்கிரமே வழி வற்றிவிடுகிறது

தமிழ்ப் பக்கத்திலிருந்து வரும் இணைப்புக்கு மட்டும் மதிப்பெண் தருகிறீர்கள் என்றால், வழியில் ஓர் ஆங்கிலப் பட்டியல் பக்கம் குறுக்கிட்டாலே பாதை அறுந்துவிடும். பல்கலைக்கழகத் துறைப் பக்கம், புலம்பெயர் தமிழ்ச் சங்கத்தின் முகப்பு, நூலகப் பட்டியல் ஆகியவை ஆங்கிலத்தில் இருந்துகொண்டே தமிழ்த் தளங்களுக்குக் கதவாக நிற்கின்றன. தாய்ப் பக்கத்தின் மதிப்பெண் தேய்ந்து தேய்ந்து சேய்ப் பக்கத்துக்கு இறங்கும்படி அமைத்தால், தமிழல்லாத பக்கங்கள் இரண்டு வரை தாண்டிச் செல்ல முடியும். அதற்கு மேல் அனுமதித்தால் இணையம் முழுவதையும் எடுக்கத் தொடங்கிவிடும்.

இரண்டாவது காரணம் குறியாக்கம். மொழியறியும் நிரல் பெரும்பாலும் 2944 முதல் 3071 வரையுள்ள யூனிகோடு எண்களைத் தேடும். யூனிகோடு பரவுவதற்கு முந்தைய தமிழ்த் தளங்கள் டிஸ்கி, டாப், டாம் முதலிய குறியாக்கங்களிலும் தத்தமது எழுத்துருக்களிலும் இயங்கின. அவற்றின் பக்கங்களில் ஒரு தமிழ் எண்கூட இராது. நிரலுக்கு அவை பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும். அந்தப் பக்கங்கள் மட்டுமல்லாமல், அவை சுட்டும் அக்கால நண்பர் தளங்களும் சேர்ந்தே தள்ளப்படும். 128-க்கு மேற்பட்ட பைட்டுகள் மிகுந்து, குறியாக்கம் 'எக்ஸ்-யூசர்-டிஃபைண்ட்' என்று அறிவிக்கப்பட்ட பக்கங்களைத் தள்ளாமல் தனி வரிசையில் இடுங்கள். உரையை மாற்றும் வேலையைப் பிறகு செய்துகொள்ளலாம். அத்தகைய தளங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன. ஆகவே இந்த வரிசைக்கு மற்றவற்றைவிட முன்னுரிமை தருவதே முறை என்பது என் உறுதியான கருத்து.

திருத்தம் பலன் தந்ததா என்று பார்க்கும் முறை

நேரடி இணையத்தில் முன்பும் பின்பும் ஒப்பிட வேண்டாம்; இரண்டு ஓட்டங்களுக்கு இடையே சர்வர்களின் வேகமும் பக்கங்களும் மாறியிருக்கும். 1998-இல் சோ, கார்சியா-மொலினா, லாரன்ஸ் பேஜ் மூவரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஏறக்குறைய 1,79,000 பக்கங்களை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த நகலின் மீதே வெவ்வேறு வரிசைமுறைகளை ஓட்டிப் பார்த்தார்கள். நீங்களும் இதுவரை எடுத்த பக்கங்களின் இணைப்பு வரைபடத்தையும், ஒவ்வொரு சர்வரும் பதில் தந்த நேரத்தையும் சேமித்து, பழைய வரிசைமுறையையும் புதியதையும் அதன் மீது ஓட்டுங்கள். முதல் பத்து விழுக்காடு கோரிக்கைகளுக்குள், உங்களுக்கு வேண்டிய பக்கங்களில் எத்தனை வந்துவிடுகின்றன என்ற ஓர் எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள். 'வேண்டிய பக்கம்' எது என்பதை ஓட்டத்துக்கு முன்பே எழுதிவைத்துவிட வேண்டும்; ஓடி முடிந்த பின் வரையறுத்தால் எந்தத் திருத்தமும் வெற்றியாகவே தெரியும்.